'கியூ'வைத் தொடாதீர்கள்

ஹோரேஸ்,

சோறும் இறால் சொதியும் மூடி வைத்திருக்கிறேன். வீட்டுத் திறப்பு மீட்டர் பெட்டிக்கு மேலே இருக்கிறது. நான் சேர்ச்சுக்கு, ஃபாதரிடம் போகிறேன். நம் பிள்ளை டெரிக்கைக் கொழும்பு லொட்ஜில் பொலிஸ் பிடித்துக்கொண்டுபோய் ஒன்பது நாளாகிறது, அவனை விடச் சொல்லி ஃபாதர் ஒரு கடிதம் தருகிறாராம்.

நாலு மணிக்குக் கரண்ட் வந்ததும் கொம்பியூட்டரைப் போடுங்கள். பிடிபட்டவர்களின் பெயர்ப்பட்டியல் அப்போதுதான் வரும். படமில்லாமல் எழுத்து மட்டும் காட்டும் அந்தப் பிரவுசரையே திறவுங்கள், இந்த போன் லைனில் வேறெதுவும் ஓடாது. மவுஸைத் தேடிக் கத்த வேண்டாம், அதற்கு அங்கே வேலையில்லை. 'வி'யைத் தட்டினால் நான் குறித்து வைத்த பக்கம் நிற்கும். அதில் என்டர். பிறகு சாய்கோட்டுக் குறியைத் தட்டிப் பிள்ளையின் பெயரை அடித்தால் நேரே அங்கே கொண்டுபோகும். 'கியூ'வை மட்டும் தொடாதீர்கள்! அது பிரவுசரையே மூடிவிடும்.

நேற்று அதைத்தானே செய்தீர்கள்? நான் அடுப்பைப் பார்த்துவிட்டு வருவதற்குள் திரையில் ஒன்றுமில்லை, பிறகு லைனும் கிடைக்கவில்லை. "கை வழுக்கிப் போச்சு, ஜீன்" என்றீர்கள். தந்திக் கந்தோரில் இருபது வருஷம் அடித்த கை!

புறப்பட்டவள் வாசலில் நின்று இதையும் எழுதுகிறேன். 'கியூ'வைத் தட்டினால் அது "நிச்சயமா?" என்று கேட்கும். ஓம் என்று 'வை'யையும் தட்டினால்தான் மூடும். கை இரண்டு தரம் வழுக்காது, ஹோரேஸ்.

பெயர் இருந்தாலும் பயம், இல்லாவிட்டாலும் பயம். எனக்கும்தான்.

கொம்பியூட்டரைப் போட வேண்டாம். சாப்பிடுங்கள். ஐந்துக்கு வந்துவிடுவேன். பெயரை நான் அடிக்கிறேன், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.