ஆறு மணி ஒத்திகை

1996 பெப்ரவரி 11, ஞாயிறு

இசைக்குழு தொடங்கியபோது நான் போட்ட முதல் விதி, மற்றக் குழுக்காரர்கள் சிரித்த விதி: ஒத்திகை முடிந்ததும் பாடுகிற பெண்பிள்ளைகளை நானே வீட்டில் இறக்கிவிடுவேன். ஐந்து வருடம் தவறவில்லை. நேற்று மார்க்கம் நகரில், நிகழ்ச்சிக்குப் பணம் தரும் ஒரு ஸ்பொன்சரைச் சந்திக்கும் அவசரம். சுபாவை, கீபோர்ட் வாசிக்கும் ரவியின் வான் வண்டியில் அனுப்பினேன். அவள் தயங்கினாள். "ஸ்நோ கொட்டுது, ஏறு பிள்ளை" என்று நான்தான் கதவைத் திறந்துவிட்டேன்.

இன்று மத்தியானம் சுபா எனக்குப் போன் எடுத்தாள்.

"வழியில வானை நிப்பாட்டிப்போட்டு என்னைத் தொட்டவர், அன்ரி. நான் இனிப் பாட வரமாட்டன். அம்மாட்டைச் சொல்லாதேங்கோ."

போனை வைத்துக் கொஞ்ச நேரத்தில் ரவி போன் எடுத்தான்.

"அக்கா, நாளைக்கு ஒத்திகை எத்தினை மணிக்கு?"

வரும் சனிக்கிழமை நிகழ்ச்சி. அவனை விட்டால் கீபோர்டுக்கு ஆளில்லை.

"ஆறு மணிக்கு" என்று என் வாய்தான் சொன்னது.