எடுத்துக் கொடுக்காத வசனம்

2-4-78, ஞாயிறு

நோட்டீஸ் அச்சாகி வந்துவிட்டது. ரோஸ் காகிதம். 'கதவுக்கு அந்தப் பக்கம் — கண்ணீரும் சிரிப்பும் கலந்த சமூக நாடகம்.' கீழே கதை, வசனம், இயக்கம், கதாநாயகன், எல்லாம் மருதாசலம். எட்டு மாதமாகப் பார்சல் ஆபீஸ் வேலை முடிந்து வந்து, சூரமங்கலம் குவார்ட்டர்ஸ் கொசுக்கடியில் உட்கார்ந்து எழுதியவன் நான். என் பெயரைத் தேடினேன். திருப்பியும் பார்த்தேன். பின்பக்கம் பாத்திரக்கடை விளம்பரம்.

மருதாசலத்துக்கு நாமக்கல் பக்கம் நிலம், செவ்வாய்ப்பேட்டையில் லாரி புக்கிங் ஆபீஸ். அதன் மாடியில்தான் ஒத்திகை நடக்கிறது. நேராகவே கேட்டுவிட்டேன். சிரித்தார். "ஏனுங்க சுப்பையன், ரயில்வே கிளார்க் எழுதுன நாடகம்னா எவனுங்க டிக்கெட் வாங்குவான்? நமக்குள்ள என்னத்துக்குங்க பேரு?" நமக்குள் பேர் வேண்டாமென்றால் அவர் பெயர் மட்டும் நான்கு இடத்தில் எதற்கு?

ஒத்திகை முடிந்து கடைவீதி ஓட்டலுக்குப் போனோம். அவரும் அவருடைய நண்பர்களும் பேமிலி ரூமுக்குள். உள்ளே நெய் ரோஸ்ட் போய்க்கொண்டே இருந்தது. என்னை வெளி ஹாலில் உட்கார வைத்தார்கள். எனக்கு இட்லி. சாம்பார்கூட ஆறிப்போயிருந்தது.

9-4-78

மருதாசலத்துக்கு ஒரு வரிகூட மனப்பாடமில்லை. மேடை ஓரத்துத் தட்டிக்குப் பின்னால் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வசனத்தையும் தணிந்த குரலில் நான் முன்னால் சொல்ல வேண்டும். அவர் பின்னால் சொல்லுவார். நான் வாயைத் திறந்தால்தான் அவர் வாய் திறக்கும். இதற்குப் பெயர் கதாநாயகன்.

ராசம்மாளுக்கும் நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். ஆனால் அது வேறு. சேலம் குகைப் பகுதியிலிருந்து வரும் தொழில்முறை நடிகை. மாதத்தில் நாலைந்து குழுவுக்கு நடிக்கிறவள். இன்றைக்கு மனைவி, நாளைக்கு மாமியார். மனப்பாடம் செய்ய நேரமேது? காதுதான் அவளுக்குச் சோறு போடுகிறது. நான் முணுமுணுத்தாலே பிடித்துக்கொள்கிறாள். என் வரி அவள் வாயில் போனதும் நான் எழுதியதைவிட நன்றாகிவிடுகிறது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது.

கடைசிக் காட்சியைப் பார்த்தோம். சந்தேகப்பட்டு மனைவியைத் துரத்தியவன் கதவைத் திறந்து அவளிடம் மன்னிப்புக் கேட்கிறான். முழுசாக ஒரு பக்கம். அதைவிட நல்லதாக நான் எதுவும் எழுதியதில்லை, இனி எழுதப்போவதும் இல்லை. ராசம்மாள் சொன்னாள்: "இந்த ஒரு பக்கத்துல எனக்கு வசனமே இல்லீங்க சார். கேட்டுக்கிட்டு நிக்கறது மட்டுந்தான். ஆனா கேக்கக் கேக்க நெசமாவே அழுகை வந்துருதுங்க. ஊட்டுல ஒருத்தரும் எங்கிட்ட இப்பிடிக் கேட்டதில்லீங்களே."

மருதாசலம் கொட்டாவி விட்டுக்கொண்டே அந்தப் பக்கத்தைச் சொல்லி முடித்தார்.

14-4-78, வருடப்பிறப்பு

என் மனைவி வசந்தாமணி பாயசம் ஊற்றிக்கொண்டே, "நோட்டீசுல உங்க பேரக் காணமேங்க. அச்சுக்கடையில மை தீந்து போச்சுங்களா?" என்றாள். பாயசத்தைத் தள்ளி வைத்தேன்.

29-4-78

முடிவு செய்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை முதல் காட்சி. கடைசிப் பக்கம் வரும்போது வாயை மூடிக்கொள்வேன். அவ்வளவுதான். நிற்கட்டும். சேலம் டவுனே பார்க்க, வியர்த்து வழிய, தட்டியைத் தட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். யாருடைய வசனம் என்று அப்போது தெரியும்.

ராசம்மாளுக்கு அங்கே வசனம் இல்லை. அவளுக்கு இதில் ஒன்றும் ஆகாது.

7-5-78, ஞாயிறு காலை

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் லாரி முதலாளிகள், வக்கீல்கள், அவர்கள் மனைவிமார் பட்டும் மல்லிகையுமாக. நடுவில் வசந்தாமணி. முதல் பத்துக் காட்சியும் ஒழுங்காக எடுத்துக் கொடுத்தேன். கடைசிக் காட்சி. மருதாசலம் கதவைத் திறந்தார். நின்றார். நான் காகிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். மண்டபம் அடங்கிப்போயிற்று. ஒரு குழந்தை இருமியது. அவர் கழுத்தில் வியர்வை. எனக்கு இனித்தது, பொய் சொல்வானேன். இன்னும் கொஞ்சம், சிரிக்கப்போகிறார்கள், கூச்சல் போடப்போகிறார்கள் —

ஓங்கி அறைந்துவிட்டார். ராசம்மாளை. இடது கன்னத்தில். நாடக அறை இல்லை. மல்லிகைச் சரம் அறுந்து மேடையில் விழுந்தது.

பிறகு கைதட்டல். அப்படியொரு கைதட்டலை நான் அந்த மண்டபத்தில் கேட்டதில்லை. பின்னாலிருந்து ஒருவன், "ஒன்ஸ் மோர்!" என்று கத்தினான். அப்புறம் இருபது பேர். அப்புறம் எல்லோரும். பாட்டுக்குத்தான் ஒன்ஸ் மோர் கேட்பார்கள்.

ராசம்மாள் என்னைப் பார்த்தாள். அவரை இல்லை, என்னை. காகிதம் என் மடியில் இருந்தது. வாயும் என்னிடம்தான் இருந்தது. முதல் வரியைச் சொல்லியிருந்தால் போதும், அவர் பிடித்துக்கொண்டிருப்பார். நான் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது முறையும் அறைந்தார். அவளே காட்சியை முடித்து வைத்தாள். அவர் காலில் விழுந்து, "என்னைய மன்னிச்சிருங்க," என்றாள். அவன் கேட்க வேண்டிய மன்னிப்பை அவள் கேட்டாள். பெண்கள் விம்மி அழுதார்கள். திரை விழுந்தது.

மருதாசலம் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். "வேணும்னேதானுங்களே நிறுத்துனீங்க? கண்டுக்கிட்டேன். வசனத்தவிட மௌனம் பெருசுன்னு எனக்குக் காட்டிப்போட்டீங்க. நீங்கதானுங்க எழுத்தாளரு!"

இல்லை என்று சொல்லவில்லை.

ஓட்டலில் என்னைப் பேமிலி ரூமுக்குள் கூப்பிட்டார்கள், கடைசி நாற்காலி. ராசம்மாளுக்கு எப்போதும்போலப் பார்சல். நடிகையை உடன் உட்கார வைத்துச் சாப்பிடும் வழக்கம் இந்த ஊரில் இல்லை.

வசந்தாமணி வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: "அந்த அறை நீங்க எழுதுனதுங்களா? அதாங்க நாடகத்துலயே நல்லா இருந்துச்சு."

"நீயும் ஒன்ஸ் மோர் கேட்டியா?"

"எல்லாரும் கேட்டாங்க," என்றாள்.

28-5-78

மேட்டூரிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். ஆலை ஊழியர்கள் மன்றம். "அறை உண்டுங்களே?" என்று கேட்டுத்தான் முன்பணமே கொடுத்தார்களாம்.

மருதாசலம் கையெழுத்துப் பிரதியைத் திருத்தச் சொன்னார். மன்னிப்புப் பக்கத்தில் பேனாவால் குறுக்கே கோடு போட்டேன். பதிலாக எழுதினேன்: 'நீண்ட மௌனம். அறைகிறான். (கேட்டால் மறுபடியும்.) அவள் காலில் விழுகிறாள்.' மூன்று வரி. எட்டு மாதம் பிடிக்கவில்லை.

புது நோட்டீஸ் காட்டினார். 'கதை, வசனம்: சூரமங்கலம் சுப்பையன்.' கொட்டை எழுத்து.

2-6-78

நோட்டீஸ் பத்து எடுத்து பீரோவில் வைத்திருக்கிறேன். ஒன்று மாமனார் வீட்டுக்கு.

11-6-78

மேட்டூர் காட்சி முடிந்தது. மூன்று முறை ஒன்ஸ் மோர். மெதுவாக அடிக்கக் கூடாதா என்று இடைவேளையில் கேட்டேன். "மெதுவா அடிச்சா பின்வரிசைக்குக் கேக்குமாங்க?" என்றார் மருதாசலம். நியாயமாகத்தான் கேட்டார், அதுதான் கொடுமை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அணை மீன், சுடச்சுட வறுவல். ராசம்மாள் பார்சலைப் பிரிக்கவே இல்லை. மோர் மட்டும் வாங்கி, ஒரு பக்கமாகச் சாய்த்துக் குடித்தாள். மெல்ல முடியவில்லையாம். மீனை டிரைவருக்குக் கொடுத்துவிட்டாள்.

13-6-78

பார்சல் கவுண்டருக்கே வந்துவிட்டாள் ராசம்மாள். மூக்குத்தி, நூல் சேலை. மேடைக்கு வெளியே பார்த்தால் வேறு யாரோ. வலது காதை என் பக்கம் திருப்பித் திருப்பிப் பேசினாள்.

"இடது காதுல வண்டு கத்துறாப்பல இருக்குதுங்க சார். நேத்து வேற ஒரு நாடகத்துல எடுத்துக் குடுத்ததே கேக்கல. ரெண்டு தடவ முழிச்சிட்டு நின்னுட்டேன். காது போச்சுன்னு தெரிஞ்சா ஒரு குழுவுலயும் சேக்கமாட்டாங்க. மொதலாளிகிட்டச் சொல்லிப்போடாதீங்க. நீங்க மட்டும் இனிமே அந்தப் பக்கத் தட்டியில உக்காந்துக்குங்க. வலது காதுக்குக் கேக்கும்."

சரி என்றேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அன்றைக்கு ஏன் எடுத்துக் கொடுக்கவில்லை என்று கேட்பாள் என்று பயந்தேன். கேட்கவில்லை. "வாரேனுங்க," என்று போய்விட்டாள். திட்டியிருக்கலாம், சனியன்.

9-7-78

நாற்காலியை வலது பக்கத் தட்டிக்கு மாற்றிவிட்டேன். நான் ஒன்றுமே செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

மருதாசலத்திடமும் பேசிப் பார்த்தேன். "அந்த மன்னிப்புப் பக்கத்த மறுபடி வெச்சுக்கலாமுங்களா?"

"எந்தப் பக்கம்?" என்றார்.

நிஜமாகவே ஞாபகமில்லை அவருக்கு. நானும் விட்டுவிட்டேன். ஆடி மாதம் பொருட்காட்சி மேடையில் நாடகம் போட ஆர்டர் வந்திருக்கிறது. சேலத்து ஆள்கள் மொத்தமும் வருவார்கள். சுவரொட்டியில் என் பெயர் அவர் பெயருக்கு மேலே.

13-8-78, ஞாயிறு

நேற்று பொருட்காட்சி. டில்லி அப்பளமும் மிளகாய் பஜ்ஜியும் கையில் வைத்துக்கொண்டு அவ்வளவு கூட்டம். மேடை அகலம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். தொடங்குமுன் மருதாசலம் ராசம்மாளிடம் சொன்னதை நான் கேட்டேன்: "மொத அடி வழக்கம்போல. ஒன்ஸ் மோர் கேட்டாங்கன்னா புறங்கையில அந்தக் கன்னம். இல்லாட்டி அந்தப் பக்கம் உக்காந்திருக்கற ஜனத்துக்கு ஒண்ணுமே தெரியாது."

ராசம்மாள் தட்டிக்குப் பின்னால் வந்தாள். முகத்தில் பவுடர், அதற்கு மேலும் வெளுத்திருந்தாள். "சார், ரெண்டு அடியும் இடதுலயே இருக்கட்டும்னு சொல்லுங்க. அது கேக்காத காது, போனாப் போகுது. இந்த ஒண்ணுதான் மிச்சம். நீங்க சொன்னாக் கேப்பாருங்க. எழுத்தாளரு இல்லீங்களா?"

ஆகட்டும் என்றேன். சொல்லத்தான் கிளம்பினேன். அதற்குள் மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடைக்குப் போனேன். சிறப்பு விருந்தினர் எனக்கு மாலை போட்டார். சந்தன மாலை. அப்பேர்ப்பட்ட கூட்டம் எனக்குக் கைதட்டியது. இறங்கி வரும்போது மணி அடித்துவிட்டார்கள்.

கடைசிக் காட்சி. மௌனம். முதல் அடி, இடது. ஆண்கள் பக்கம் ஆர்ப்பாட்டம். "ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!" பெண்கள் பக்கத்திலிருந்தும்.

மருதாசலம் வழக்கம்போல மறந்துவிட்டார். எந்தக் கன்னம்? தட்டியைப் பார்த்தார். ராசம்மாளும் பார்த்தாள். 'இடது' — ஒரு சொல். ராசம்மாளின் நல்ல காது என் பக்கம்தான் இருந்தது. நான் சொல்லியிருந்தால் அவளுக்கும் கேட்டிருக்கும்.

முதல் நாள் நான் வாயை மூடியது அவர்மேல் இருந்த ஆத்திரத்தில். நேற்று யார்மேலும் ஆத்திரமில்லை. இன்னொரு பக்கத்துக் கைதட்டலும் எனக்கு வேண்டியிருந்தது. எழுதிவிட்டேன். இதற்கு மேல் மறைக்க ஒன்றுமில்லை.

அவருக்கே ஞாபகம் வந்துவிட்டது. புறங்கை. வலது.

அவள் காலில் விழ வேண்டிய இடம். 'என்னைய மன்னிச்சிருங்க' என்று எடுத்துக் கொடுத்தேன். நின்றாள். சத்தமாகச் சொன்னேன். முன்வரிசைக்கே கேட்டிருக்கும். அவள் என் உதட்டைப் பார்த்தபடி நின்றாள். கூட்டம் அதையும் நடிப்பென்று நினைத்துத் தட்டியது. திரையை இறக்கச் சொல்லிவிட்டார்கள்.

பிறகு ஓட்டல். பேமிலி ரூமில் நடு நாற்காலி எனக்கு. மாலையைக் கழற்ற வேண்டாம் என்றார்கள். கதவருகே ராசம்மாள் பார்சலுக்காகக் காத்து நின்றாள். உள்ளே வந்து உட்காரச் சொல்லலாம் என்று தோன்றியது. யார் என்ன சொல்லிவிடுவார்கள்? இப்போது என் பேச்சுக்கு மதிப்புண்டு. "ராசம்மா," என்று கூப்பிட்டேன். அவளுக்கு வலது பக்கமிருந்துதான். திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன்.

எழுந்து போய்த் தோளைத் தொட்டிருக்கலாம். அதற்குள் நெய் ரோஸ்ட் வந்துவிட்டது. அது ஆறினால் நன்றாக இருக்காது.