முதுகில் பட்ட சூடு

வடக்குப்பட்டு,
ஞாயிறு காலை

அன்பு மகள் காவேரிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், நீயும் மஸ்கட்டில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு மூட்டு வலி குறைந்து மணிமங்கலம் வரை சைக்கிளிலேயே போய் வருகிறார். அடுத்த தெரு லீலா மஸ்கட்டுக்கு வருவதால் அவளிடம் வடகமும் இந்தக் கடிதமும் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொன்னால் பதறிப்போய் வேலையை விடு என்பாய், அதனால்தான் எழுதுகிறேன்.

கம்பெனியில், பேக்கிங் லைனில் நான் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு கரண்ட் பேனல் இருக்கிறது. ஒரு மாதமாக அதன் கதவுச் சூடு என் முதுகில் அடித்தது. சூப்பர்வைசர் நயினாரிடம் இரண்டு முறை சொன்னேன். "இன்னா மஞ்சுளாம்மா, வயசாவுதுல்ல, ஒடம்பு அப்டித்தான் காயும்" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். வெட்கமாகிவிட்டது, பிறகு நான் வாயே திறக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை பிரவீனா என்று ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், சூடு பார்க்கும் கேமராவோடு கம்பெனிக்கு வந்தாள். மெஷின் ஓடும்போதே, தொடாமல் தள்ளி நின்று படம் பிடித்தால் எது எவ்வளவு சூடு என்று கலரில் காட்டுமாம். பெரிய பேனல்கள்தான் அவள் லிஸ்டில் இருந்தன, எங்களுடையது இல்லை. டீ நேரத்தில் துணிந்து போய்ச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "எத்தினி நாளாக்கா? லைன் ஃபுல்லா ஓடறப்ப சூடு அதிகமாவுதா?" என்று டாக்டர் மாதிரி கேட்டாள். எலக்ட்ரீஷியன் சாம்சனைக் கூப்பிட்டுக் கதவைத் திறக்க வைத்து, படம் பிடித்து எனக்கும் காட்டினாள். மூன்று இணைப்புகளில் இரண்டு நீலமாக இருக்க, ஒன்று மட்டும் வெள்ளையாகத் தகதகத்தது. வெறும் கண்ணுக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் காவேரி. அந்த இரண்டும் நாற்பத்தைந்து டிகிரி, இது நூற்றிருபது.

சாயங்கால லாரி போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார் நயினார். அந்தப் பெண் குரலை உயர்த்தவே இல்லை. "சார், பக்கத்துல அட்டப்பெட்டி அடுக்கி வெச்சிருக்கீங்க, முன்னாடி இந்த அக்கா நின்னுகினு இருக்காங்க. நிறுத்துங்க, இல்லன்னா நிறுத்தமாட்டேன்னு கையெழுத்து போட்டுக் குடுங்க" என்றாள். அவர் கை பேனாவுக்குப் போகவில்லை. லைன் நின்றது. கழற்றிப் பார்த்தால் போல்ட் லூசாகி, ஒயரின் மேலுறை கருகி சாம்சன் விரல் பட்டதும் உதிர்ந்தது. முப்பது பேர் நிற்கிற இடம் அது.

மறுநாள் நயினாரே வந்து, தப்பாகப் பேசிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். பிரவீனா ரிப்போர்ட்டில் முதலில் கண்டுபிடித்தவர் என்று என் பெயரை, இனிஷியல் கேட்டு எழுதியிருக்கிறாள். அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே போனை விடமாட்டார்கள் என்பதால் அந்த நாலு வரியையும் மனப்பாடம் செய்து வந்து அப்பாவுக்குச் சொன்னேன். மூன்று முறை சொல்லச் சொன்னார்.

உன் அறையில் அயர்ன் பாக்ஸையும் குக்கரையும் ஒரே பிளக்கில் சொருகாதே. பிளக் சுட்டால் யார் சிரித்தாலும் வீட்டு ஓனரிடம் சொல். ஆயுசும் ஆரோக்கியமுமாக, நினைத்ததெல்லாம் கைகூடி நீ நிறைவாக இருக்க எங்கள் இருவரின் ஆசி.

உன் அம்மா
மஞ்சுளா