அப்பாவின் தோளில் ஒரு கை

டிச. 14, ஞாயிறு

காலையில் தூறல். பிறகு மழையும் இல்லை, வெயிலும் இல்லை. துணி காயவில்லை.

குடும்பப் படப் புத்தகத்தை வருடா வருடம் ஏன் நானே செய்கிறேன்? தெரியவில்லை. முதல் வருடம் யாரும் கேட்கவில்லை. இப்போது நிறுத்தவும் விடமாட்டார்கள். தம்பி நேற்றே ஆரம்பித்துவிட்டான்: “எக்கா, இந்த வருசம் அட்டை நல்லா கெட்டியா போடு.”

சேர்க்க வேண்டியவை:
— தம்பி கடையின் ஆடித் தள்ளுபடிக் கூட்டம் (ஒன்று போதும்)
— கார்த்திக்கின் புது பைக் (அதுவும் ஒன்று)
— திருச்செந்தூர்
— அப்பாவின் எண்பதாவது பிறந்தநாள்
— எலுமிச்சை, பாத்திர சோப்பு (இது எனக்கு)

படம் எடுப்பவள் படத்தில் இருப்பதில்லை. பழைய புத்தகங்களைப் புரட்டினேன். ஒன்றிலும் நான் இல்லை. இந்த வருடம் ஒரே ஒரு விதிவிலக்கு, அப்பாவின் பிறந்தநாள். அன்று வெளியிலிருந்து போட்டோகிராபர் வந்திருந்தார். அப்பா நாற்காலியில், பின்னால் தம்பி, அவன் மனைவி உமா, மகன் கார்த்திக். ஓரத்தில் நான், அப்பாவின் தோளில் கை வைத்து. சுமாராக விழுந்திருக்கிறேன். எனக்கு அதுவே அதிகம்.

டிச. 16, செவ்வாய்

விடைத்தாள் திருத்தவில்லை. ஒன்றுமே செய்யவில்லை.

கைப்பேசியில் படங்களைத் தேதிவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். பிறந்தநாள் படம் இரண்டு இருந்தது. ஒன்று முழுசு. இன்னொன்றில் நான் இல்லை. அப்பாவின் தோள்பட்டையை ஒட்டி நறுக்கென்று வெட்டியிருக்கிறது. கை மட்டும் மிச்சம். மணிக்கட்டு வரை, அப்பாவின் தோளில். அதை வெட்டினால் அப்பாவையும் வெட்டவேண்டி வரும், அதனால் விட்டிருக்கிறார்கள்.

எப்படி வந்தது என்று யோசித்தேன். போன மாதம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உமா எதையோ போட்டு உடனே அழித்தாள். பிறகு எழுதினாள்: “தப்பா வந்துருச்சு, பொண்ணு வீட்டுக்கு அனுப்ப வேண்டியது.” ஜாதகம் என்று நினைத்துக்கொண்டேன். குழுவில் அழித்தாலும் வந்த படம் என் கைப்பேசியில் தங்கிவிடும். அது அவளுக்குத் தெரியாது.

ஆக, கார்த்திக்குக்குப் பெண் பார்க்கும் இடத்தில் விவாகரத்தான அத்தை ஒருத்தி இல்லவே இல்லை.

இனி அவள் வெறும் உ. முழுப் பெயர் எழுதக் கை வரவில்லை.

டிச. 17, புதன்

அழவில்லை. ரசம் வைத்தேன். நன்றாக வந்தது.

மாலை உ.வுக்குப் போன். புத்தகத்துக்குப் படம் வேண்டும் என்று சாக்கு. பிறந்தநாள் படம் எதைப் போடலாம் என்று கேட்டேன்.

“உங்களுக்குத் தெரியாததா மதினி? நீங்கதான் போட்டோலயே நிக்க மாட்டீங்களே, கேமராவுக்குப் பின்னாடி ஓடிருவீங்க.” சிரித்தாள். குரலில் ஒரு நெளிவு கூட இல்லை.

அரை மணி கழித்து கார்த்திக். அவனாக எனக்குப் போன் செய்வது தீபாவளிக்குத் தீபாவளி.

“அத்தை, அம்மா அன்னைக்கு குரூப்ல ஏதோ தப்பா அனுப்பிட்டாங்கல்ல, பாத்தீங்களா?”

“இல்லையே. என்னது?”

“ஒண்ணுமில்ல அத்தை. அப்பாடா.”

அந்த ‘அப்பாடா’வை மறக்கக் கூடாது என்பதற்காக இங்கே எழுதி வைக்கிறேன். அடையாறிலிருந்து தினம் இரண்டு பஸ் மாறிப் போய் பிளஸ் டூவுக்கு இவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது நான்.

டிச. 20, சனி

தம்பி போன்.

“எக்கா, ஒண்ணாந்தேதி பொண்ணு வீட்டுல வீடு பாக்க வராங்க. புக்கு அன்னைக்குக் கையில இருக்கணும். குடும்பம்னா எப்படின்னு அவங்க பாக்கட்டும்.”

“இருக்கும்.”

“முந்துன நாளே கடைப் பையன அனுப்புறேன், அவன்கிட்ட குடுத்துவிட்டுரு. நீ எதுக்கு அலையணும்.”

நான் எதற்கு அலையவேண்டும். எவ்வளவு அக்கறை.

“ஒண்ணாந்தேதி காலையிலதான் பிரஸ்ல குடுப்பாங்களாம்” என்றேன். பொய். “நானே எடுத்துட்டு வந்துடறேன்.”

பின்னால் கடையில் யாரோ புடவைக்கு ஜாக்கெட் பிட் உண்டா என்று கேட்கும் சத்தம்.

“சரிக்கா” என்றான்.

டிச. 23, செவ்வாய்

மயிலாப்பூர். குளத்தை ஒட்டிய சந்தில் பாஸ்கரின் பிரஸ். மார்கழிக் கூட்டம், நடக்க இடமில்லை.

நடுப்பக்கம் முடிவாகிவிட்டது. இடப்பக்கம் வெட்டிய படம். வலப்பக்கம் முழுப் படம். ஒரே அளவு. கீழே ஒரு சொல்லும் இல்லை.

பாஸ்கர் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தார். “இன்னா மேடம் இது, ஆள் இல்ல, கை மட்டும் கீது? பேய் மாரி கீது. அழிச்சிரட்டா?”

“வேண்டாம். இருக்கட்டும்.”

“பக்கத்துல நல்ல படம் கீதே, அப்பறம் இது இன்னாத்துக்கு?”

“ரெண்டும் வேணும்.”

“உங்க இஷ்டம். அப்பால பாஸ்கர் சொதப்பிட்டான்னு சொல்லக் கூடாது.”

திரும்பும்போது மல்லிப்பூ வாங்கினேன். ஏன் என்று தெரியாது. நான் பூ வைப்பதில்லை.

டிச. 31, புதன்

புத்தகங்கள் நேற்றே வந்துவிட்டன. கெட்டி அட்டை. மேஜைமேல் அடுக்கியிருக்கிறேன். சாப்பிடும்போதெல்லாம் கண்ணில் படுகிறது.

நாளை எப்படி நடக்கும் என்று பலமுறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். பெண்ணின் அம்மா பக்கம் பக்கமாகப் புரட்டுவாள். உ. பக்கத்தில் உட்கார்ந்து, “இது எங்க கடை, இது கார்த்திக்கோட பைக்” என்று விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே வருவாள். நடுப்பக்கம் வரும். விரல் நிற்கும். அந்த முகத்தைப் பார்த்தால் போதும். நான் எதுவும் பேசவேண்டியதில்லை. “அடடா, ரெண்டும் வந்துடுச்சா? நான் கவனிக்கல” என்பேன். குரலைக் கூடப் பழகிப் பார்த்தேன்.

கார்த்திக்கின் கல்யாணம் நின்றுபோனால்? யோசித்தேன். பெண்ணை அவனுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறதாம். ஒரு மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்களாம்.

நடுப்பக்கத்தைப் பசை போட்டு ஒட்டிவிட இன்னும் நேரம் இருக்கிறது. வீட்டில் பசையும் இருக்கிறது.

ஒட்டவில்லை.

ஜன. 1, வியாழன்

நடந்தது இது.

மாடிப்படியில் தம்பி எதிரே வந்தான். “நீயே வரணுமாக்கா?” புத்தகங்களை வாங்கிக்கொண்டான். என்னை உள்ளே கூப்பிடுவதைத் தவிர அவனுக்கு வேறு வழி இல்லாதபடி அவர்கள் ஏற்கெனவே வந்து வாசலுக்கு நேரே உட்கார்ந்திருந்தார்கள். பெண், அவள் அம்மா, அப்பா. பெண்ணும் வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. பெயர் திவ்யா. பளிச்சென்று இருக்கிறாள்.

தம்பி தொண்டையைச் செருமினான். “இவங்க எங்க அக்கா.”

“அக்காவா?” பெண்ணின் அம்மா. “கூடப் பொறந்தவங்க யாருமில்லன்னுல்ல சொன்னாங்க?”

அப்பா சத்தமில்லாத டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தார். உ. சமையலறையில் இருந்தாள். எண்ணெய் இரைச்சல். அவளுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. அவள் பக்கத்தில் இருக்கமாட்டாள் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை.

புத்தகத்தைப் புரட்டியது திவ்யா. சீக்கிரம் சீக்கிரமாகத் தள்ளினாள். நடுப்பக்கத்தில் நின்றாள். இடப்பக்கம், வலப்பக்கம், மறுபடி இடப்பக்கம். கைப்பேசியை எடுத்து ஒரு படத்தைத் தேடிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“எங்களுக்கு வந்த போட்டோ இதுதானே?” என்று கார்த்திக்கைக் கேட்டாள். “ஆன்ட்டிய ஏன் வெட்டினீங்க?”

“நானா? எனக்குத் தெரியாது திவ்யா. அம்மா ஏதோ...”

அவள் என் பக்கம் திரும்பினாள். “இவருக்குத் தெரியாதா ஆன்ட்டி?”

கார்த்திக் என்னைப் பார்த்தான். பிளஸ் டூவில் கணக்கு வராதபோது பார்ப்பானே, அதே பார்வை. நான்தான் வெட்டச் சொன்னேன், எனக்குப் படமே பிடிக்காது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. நம்பியும் இருப்பார்கள்.

“தெரியும்மா. நான் பாத்துட்டேனான்னு போன் பண்ணிக் கேட்டான்.”

திவ்யா புத்தகத்தை மூடி, தூசி தட்டுவதுபோல் அட்டையை ஒருமுறை தடவி, மேஜையில் வைத்தாள். அவள் அம்மா எழுந்தாள். கோபமே இல்லாமல் தம்பியிடம் சொன்னாள்: “வேண்டாதவங்கள வெட்டுற வீடுங்க இது. எங்க பொண்ணு போட்டோல முழுசா நிக்கணும்ல? யோசிச்சுச் சொல்றோம்.”

அவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது உ. தட்டோடு வந்தாள். “என்ன, அதுக்குள்ள கெளம்பிட்டீங்க? பஜ்ஜி சூடா இருக்கு!” வேலை இருக்கிறது என்றார்கள். தம்பி கூடவே கீழே இறங்கினான். கார்த்திக் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான்.

உ. தட்டை வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தாள். ஒன்றும் புரியாதவள்போல் தெரிந்தது. நடிப்பாகவும் இருக்கலாம், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நடுப்பக்கத்தை முகத்தருகே கொண்டுபோனாள்.

“ஒரே படத்த ரெண்டு தடவ போட்டிருக்கீங்க மதினி. ரெண்டுலயும் எனக்கு முந்தானை சரியாவே விழல.”

தட்டை என் பக்கம் நகர்த்தினாள். வாழைக்காய். ஆறவில்லை. இரண்டு தின்றேன்.