அப்பாவாக, நான்கு முதல் ஆறு வரை

மார்ச் 4, செவ்வாய்

பள்ளிப் பியானோவின் தந்திகள் மேல் நேற்று நான் நான்கு செய்தித்தாள்களை விரித்துவைத்தது உண்மை. காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியை வாசித்த அணிவகுப்பு இசை, தகர டப்பாவைக் கயிற்றில் கட்டி இழுத்த மாதிரி வந்ததும் உண்மை. புகார்க் கடிதத்தில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். அம்மாவுக்குத் தெரிந்தால் தோல் உரியும்.

அப்பா கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"எந்தப் பக்கம்?"

"விளையாட்டுப் பக்கம்ப்பா."

"கனமான தாளு. நல்லாத்தான் அதிர்ந்திருக்கும்." கையெழுத்துப் போட்டார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "தெக்லே, இப்ப நீ எனக்கு ஒண்ணு செய்யணும்."

மார்ச் 6, வியாழன்

செய்ய வேண்டியது இதுதான். நான்கு மணிக்கு அப்பா, "பயிற்சி பண்ணப்போறேன், யாரும் உள்ள வராதீங்க" என்று அறிவித்துவிட்டு, பின்படிக்கட்டு வழியாக இறங்கிப் பூங்காவில் பகடை உருட்டப் போவார். ஆறு மணிவரை அவர் மாதிரியே நான் பியானோ வாசிக்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பாள். அம்மா கணக்கில் நான் கணக்கு டியூஷனில்.

அப்பாவாக இருப்பது சுலபம். மெல்லிய இடங்களில் மூக்கால் முனக வேண்டும். பெடலிலிருந்து காலை எடுக்கும்போது செருப்பைக் கீச்சிட விட வேண்டும். தப்பு விழுந்தால் பியானோவைத்தான் திட்ட வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி

முப்பத்தாறு கறுப்புக் கட்டை, ஐம்பத்திரண்டு வெள்ளைக் கட்டை, ஒரு முட்டுக்கட்டை. மூன்றாவது நான்.

மார்ச் 12, புதன்

எதிர்மாடி ஷுஷுனா அத்தை முற்றத்துக் கொடியில் போர்வையை உதறியபடி அம்மாவிடம் சொன்னாள்: "லமாரா, உன் புருஷனுக்குக் கை இளகிடுச்சுடி. குத்தாயிஸிக்கு அப்புறம் இப்பத்தான் மனுஷன் மாதிரி வாசிக்கிறான்."

அம்மா ஊசியில் நூல் கோத்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம்தான். குத்தாயிஸி நகரத்துக் கச்சேரி – போன அக்டோபர். ஷூபர்ட் எழுதிய இசையின் நடுவில் அப்பாவுக்கு எல்லாம் மறந்துபோனது. கைகளை மடியில் இறக்கினார், எழுந்தார், வணக்கம்கூடச் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு மேடை ஏறவில்லை. ஏப்ரல் 6 இங்கே திபிலிசியில், நகர அரங்கில், அதே ஷூபர்ட். இதையும் விட்டால் இனி ஒருத்தனும் கூப்பிடமாட்டான் என்று அவரே சொல்கிறார். சொல்லிவிட்டுப் பகடை உருட்டப் போகிறார்.

வீட்டில் நான் வாசிக்கிறேன், சரி. மேடையில் யார் வாசிப்பது?

மார்ச் 17, திங்கள்

அந்த ஷூபர்ட்டில் ஓர் இடம் உண்டு. இடது கை கீழ்ச்சுரங்களுக்கு இறங்கும் முன், அப்பா ஒரு மூச்சு அளவு நிற்பார். பத்திரிகைகள் அதை அப்பா பேரால் 'தெங்கிஸின் மௌனம்' என்று எழுதும். ஷூபர்ட் அங்கே எதுவும் எழுதவில்லையே, எங்கிருந்து பிடித்தீர்கள் என்று கேட்டேன்.

"கீறல்," என்றார்.

"என்னது?"

"சின்ன வயசுல எங்க வீட்ல இருந்தது ஒரே ஒரு இசைத்தட்டு. அந்த எடத்துல கீறல். ஊசி எகிறி விழ ஒரு நொடி ஆகும். இசையே அப்படித்தான்னு நெனச்சிட்டேன். அச்சடிச்ச நோட்டை நான் பாக்கும்போது பதினஞ்சு வயசு. கை அப்புறம் மாறல."

"அப்ப பெரிய மனுஷங்க எல்லாம் கொண்டாடுறது கீறலையாப்பா?"

"கத்தாதே. உங்கம்மாவுக்கே தெரியாது."

குத்தாயிஸியில் நின்றதும் அங்கேதானாம். "ஊசி எகிறுச்சு, விழவே இல்ல," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு பியானோ மூடியைச் சாத்தினார்.

மார்ச் 18, செவ்வாய்

அரங்கத்துக்குக் கடிதம் எழுதி வெச்சிருக்கார். மேசையில பார்த்தேன். விரல்ல வலியாம், வர முடியாதாம். வெள்ளிக்கிழமை நேர்ல போய்க் கொடுப்பாராம்.

இதுக்கா நான் ரெண்டு வாரமா முனகினேன்? அவர் ஒளிஞ்சுக்க நான்தான் கதவா நின்னிருக்கேன். நல்லா இருக்குடி தெக்லே.

மார்ச் 21, வெள்ளி

கடிதத்தோடு அப்பா கிளம்பிப் போனதும் பியானோவில் உட்கார்ந்தேன். கோபம். இன்று அப்பாவாக அல்ல, அப்பாவின் கேலிச்சித்திரமாக வாசித்தேன். முனகலைப் பசுமாடு ஆக்கினேன். கீறலில் நிறுத்திப் பத்து வரை எண்ணினேன். மறுபடி ஆரம்பித்து, இருபது வரை.

கீழே ஷுஷுனா அத்தையின் குரல்: "தெங்கிஸ், நீ இங்க நிக்கிறே. மேல வாசிக்கிறது யாரு?"

கண்ணாடியை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பியிருக்கிறார். தையல் மெஷின் நின்றது. வாயில் குண்டூசிகளோடு அம்மா பால்கனிக்கு வந்து கீழே பார்த்தாள். அப்பா அவளைப் பார்க்கவே இல்லை. என் ஜன்னலைப் பார்த்துக் கத்தினார்.

"அங்க அவ்வளவு நேரம் எவன் நிப்பான்? நான் அப்படியா வாசிக்கிறேன்?"

"குத்தாயிஸியில இதைவிட அதிக நேரம் நின்னீங்கப்பா."

சொல்லியிருக்கக் கூடாது. வாய், வாய், என் வாய்.

படிக்கட்டில் தடதடவென்று சத்தம். உள்ளே வந்தார், கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கடிதம் பையிலிருந்து துருத்திக்கொண்டிருந்தது. "எந்திரி," என்று இடுப்பால் இடித்து என்னைப் பெஞ்சிலிருந்து தள்ளினார். வாசித்தார். அந்த இடம் வந்தது. கண் இமைக்கும் நேரம் நின்றார், இறங்கினார். "இவ்வளவுதான். பாத்தியா? இவ்வளவுதான்." மறுபடி வாசித்தார். மறுபடியும். ஏழு மணி ஆனதைக்கூடக் கவனிக்கவில்லை.

அம்மா கதவில் சாய்ந்து, குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தாள். எல்லாவற்றையும் எடுத்த பிறகு கேட்டாள்: "கணக்கு டியூஷன் எப்படிம்மா போகுது?"

ஏப்ரல் 6, ஞாயிறு

ஐந்தாம் வரிசை. அம்மாவின் நகம் என் மணிக்கட்டில்.

கீறலில் நின்றார். யாரோ இருமினார்கள். இறங்கினார்.

தப்பிச்சோம் என்று நினைத்தபோது, கடைசிப் பக்கத்தில், எதிர்பாராத இடத்தில், கை வழி தவறியது. முகம் வெளுத்தது. எழுந்துவிடுவார் என்றே நினைத்தேன். எழவில்லை. இடது கையால் எதையோ உருட்டினார், வலது கை அதைத் தொட்டுக்கொண்டது, மறுபடி பாதைக்கு வந்துவிட்டார். அந்த இரண்டு வரிகளை ஷூபர்ட் எழுதவில்லை. தெங்கிஸ் எழுதினார்.

வணக்கம் சொன்னார். மூன்று முறை.

ஏப்ரல் 8, செவ்வாய்

என் பியானோத் தேர்வு 24ஆம் தேதி. எனக்கும் பயிற்சி வேண்டும் என்று நான்கு மணிக்குக் கதவைத் தட்டினேன். "இன்னும் அரை மணி நேரம்மா" என்றார் அப்பா. அப்படி மூன்று அரை மணி ஆகிவிட்டது. கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உள்ளே, கடைசிப் பக்கத்தில் வழி தவறிய அதே இரண்டு வரிகள். இது பதினோராவது தடவை.

பசிக்கிறது. பன்னிரண்டாவதைக் கேட்டுவிட்டுப் போகிறேன்.