உன் தலைக்குப் பின்னால் ஒரு கோடு

அம்பிட்டியவில் உன் வீட்டுக் கேட்டில் நேற்று பேனர் கட்டினார்கள், முதலாம் ஆண்டு நினைவுப் பூசைக்காக. புது மையின் நெடி தெருமுனை வரை அடித்தது. நடுவில் நீ சிரித்துக்கொண்டிருக்கிறாய். பின்னால் நீ செய்த தேயிலைப் பேட்டர்ன். அதில் மேலிருந்து ஒரு கோடு இறங்கி, உன் தலைக்குள் புகுந்து, சட்டைக்குக் கீழே வெளியே வருகிறது. கோட்டின் இரு பக்கமும் பாதிப் பாதி இலைகள். ஒன்றோடொன்று சேரவில்லை.

செத்தவனைப் பற்றி நல்லதாகப் பேச வேண்டுமாம். எனக்கு அதற்குப் பொறுமை இல்லை. நீ சோம்பேறி, மச்சான்.

நாம் செய்து விற்ற பேட்டர்ன் ஒரு சதுரப் படம். இணையத்தில் வாங்குகிறவன் அதையே பக்கத்தில் பக்கத்தில் வைத்து எவ்வளவு பெரிய பரப்பையும் நிரப்புவான். வலது ஓரத்தில் வெட்டுப்படும் இலை இடது ஓரத்தில் தொடர வேண்டும். படத்தைப் பாதியளவு நகர்த்தினால் ஓரங்கள் நடுவுக்கு வந்துவிடும்; பிழை தெரியும்; அழித்துவிடலாம். சின்ன வேலை. நீ ஒருநாளும் செய்ததில்லை. "தூர நின்னு பாருடா, எல்லாம் சேந்துரும்" என்பாய்.

மடுல்கெல்லயில் உன் பெரியம்மா கொழுந்தெடுக்கும் மலைக்குப் போனோமே. மழை ஈரத்தில் குப்புறப் படுத்து இலைகளைப் படம் எடுத்தாய். "எந்திரிடா, அட்டை கடிச்சிரும்!" என்று அவர் கத்தினார். "கடிக்கட்டும் பெரியம்மா, அதையும் டிசைன்ல போட்டுர்றேன்" என்றாய். நிரையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் உனக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். "யாருடா இது?" என்று கேட்டவர்களிடம், "இவனா? லொறிக்குக் கிளீனர் மாதிரி, எனக்கு இவன்" என்றாய்.

உன் கண் நல்ல கண். அதை மறுக்கவில்லை. ஆனால் விற்ற ஒவ்வொரு சதுரத்தின் ஓரத்தையும் சேர்த்தவன் நான். பாராட்டெல்லாம் உன் பெயருக்கு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் காய்ச்சலில் போய்விட்டாய்.

நேற்று உன் தங்கச்சி பேனரைக் காட்டி அழுதாள். "பிரின்ட் கடைக்காரன் கெடுத்துட்டான் அண்ணே. எங்க அண்ணன் வேல இப்படியா இருக்கும்?"

உன் கம்பியூட்டரில் கிடந்த படத்தை அப்படியே கொடுத்திருக்கிறாள்; கடைக்காரன் அதை இரண்டு தரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடித்திருக்கிறான். என் கை படாத படம்.

"கடைக்காரன் மேல பிழை இல்ல. உங்க அண்ணன் செஞ்சதே அப்படித்தான். எல்லாத்தையும் நான்தான் சரிபண்ணுவேன்."

அவள் முகம் சுருங்கியது. எனக்கு நன்றாக இருந்தது. லெப்டொப்பைத் திறந்து, நான் சரிசெய்து வைத்திருந்த அதே பேட்டர்னைக் காட்டினேன். "இதக் குடுத்து வேற அடிங்க. நாளைக்குப் பூசைக்கு முந்தி வந்துரும்."

படியில் உட்கார்ந்திருந்த உன் அம்மா எழுந்து வந்தார். திரையைப் பார்த்தார். பிறகு கேட்டுக்குப் போய், அந்தக் கோட்டில் விரலை வைத்து மேலிருந்து கீழே மெதுவாக இழுத்தார்.

"இது அவன் விட்டதா, தம்பி?"

"ஆமாம்மா."

"அப்ப இருக்கட்டும். அதத் தொடாதீங்க." என் பக்கம் திரும்பி, "டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

குடித்தேன்.

இன்று பூசைக்கு வந்தவர்கள் எல்லாரும் உன் கோட்டைக் கடந்துதான் உள்ளே போனார்கள். நான் சரிசெய்த படம் என்னிடமே இருக்கிறது. வீட்டுக்கு வந்து அதைத் திறந்து, பெரிதாக்கிப் பெரிதாக்கி, என் கை பட்ட இடத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை. அவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறேனடா, நாயே.