நாற்பது வருஷத்துப் பால்மா

நவம்பர் 24, திங்கள்

மழை. தோட்டத்துப் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் ஒரு துணி காயவில்லை. கொடியில் தொங்குவதைத் தொட்டால் தோய்த்தபோது இருந்ததைவிட ஈரம். தோட்டத்துத் துரையிடம் தகரக் கூரையைப் பற்றிச் சொன்னேன். பார்ப்போம் என்றார். போன மழைக்கும் பார்ப்போம் என்றுதான் சொன்னார். பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

மாமா பதுளைக்குப் போய் வெள்ளி பெயிண்ட் வாங்கி வந்துவிட்டார். வருஷா வருஷம் கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு முன்னால் இந்தக் கூத்து. கோயிலில் பீடத்துக்குப் பின் அறையில் ஓர் அலுமாரி; அதற்குள் டின் மீன், டின்னில் அடைத்த பிஸ்கட், சீனி, பருப்பு, பால்மா. எண்பத்து மூன்று கலவரத்தில் தோட்டத்துச் சனம் கோயிலுக்குள் ஒளிந்து கிடந்து பட்டினி பட்டபிறகு, அடுத்த தடவைக்கு என்று சேர்த்து வைத்தது. மாமாதான் அதற்குப் பொறுப்பு. துருப் பிடிக்காமல் இருக்க வருஷம் ஒரு பூச்சு. லேபலும் இல்லை, திகதியும் இல்லை, எல்லாம் ஒரே வெள்ளி. நற்கருணைப் பாத்திரம்கூட அப்படி மினுங்காது.

என் வீட்டுக்காரர் யாகோப்பு கொழும்பிலிருந்து போன் பண்ணினார். "அப்பாட்ட சண்டை போடாத" என்றார். நான் எங்கே போட்டேன்?

நவம்பர் 27, வியாழன்

நிலுக்ஷி காலையில் பாப்பாவை விட்டுவிட்டு ஓடினாள். பதுளையில் துணிக்கடை வேலை, புருஷன் குவைத்தில். பாப்பா ஜெனுஷாவுக்கு ஐந்து மாசம்தான், வேலைக்குப் போகத் தொடங்கியதும் தாய்ப்பால் வற்றிப்போய்விட்டது, போத்தல் பால்தான். பால்மா பேக்கட்டில் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. "சாயந்தரம் புதுசு வாங்கிட்டு வந்துர்றேன் அக்கா."

சாயந்தரம் பஸ் வரவில்லை. நமுனுகுல றோட்டில் மண் விழுந்துவிட்டதாம். நிலுக்ஷி போனில் அழுதாள். நான் இருக்கிறேன், நீ கடைக்காரம்மா வீட்டிலேயே படுத்துக்கொள் என்றேன். பாப்பா என் பக்கத்தில் தூங்குகிறது. மூக்கு அப்படியே நிலுக்ஷி.

நவம்பர் 28, வெள்ளி

கோயிலிலிருந்து எழுதுகிறேன்.

விடியும் முன்னால் மலை இறங்கியது. லொறியில் கல் கொட்டுகிற மாதிரிச் சத்தம், நிற்கவே இல்லை. கீழ் லயத்து வரிசை வீடுகளில் ஒரு பக்கம் மண்ணுக்குள். நேற்று ராத்திரியே எல்லாரையும் கோயிலுக்குக் கிளப்பிவிட்டோம், அதனால் ஓர் உயிரும் போகவில்லை. கடவுளுக்குத்தான் நன்றி. பசறைப் பக்கமும் றோட்டு இல்லை, பதுளைப் பக்கமும் இல்லை. கரண்ட் இல்லை. போனில் சிக்னல் கோடு இல்லை. ஸலீம் நானாவின் கடையும் பாதி மண்ணில். எடுக்க முடிந்த அரிசியையும் மாவையும் அவரே தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுவந்தார்.

தோட்டத்தில் முன்பு மாடு இருந்தது. கடைசி மாட்டையும் போன வருஷம் விற்றுவிட்டார்கள்.

நவம்பர் 29, சனி

மாமா இன்று அலுமாரியைத் திறந்தார். எல்லாரையும் கூப்பிட்டு வைத்துத் திறந்தார். சாவியை உள்சட்டைக்குள் கயிற்றில் கோத்து வைத்திருக்கிறார் என்பது இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

"இதுக்குத்தானே வச்சோம்" என்றார். எழுபத்து மூன்று வயசில் அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. அதனால்தான் வாயைத் திறக்க எனக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

"மாமா, இது நாப்பது வருஷத்துச் சாமான்."

"டின்னுல அடைச்சது புள்ள. டின்னுக்கு ஏது வயசு?"

ஒரு மீன் டின்னை எடுத்துக் கத்தியால் பெயிண்டைச் சுரண்டினேன். ஒரு பூச்சுக்குக் கீழே இன்னொரு பூச்சு, வெங்காயம் மாதிரி. கடைசியில் தகரம் இல்லை, துரு. கத்தி முனை உள்ளே போய்விட்டது. கறுப்புத் தண்ணீர் கசிந்தது. இத்தனை வருஷமாகத் துருவைத்தான் பெயிண்ட் அடித்து அடித்துக் காப்பாற்றியிருக்கிறோம்.

பொன்னையா அண்ணன் இன்னொரு டின்னை எடுத்துக் குலுக்கி, "இது நல்லா இருக்கே, திறந்து ஒரு வாய் பாத்தா என்னா?" என்றார். ஒரு வாய் தின்று ஆளுக்கு ஒன்றும் ஆகாவிட்டால் அடுத்த டின்னும் நல்லது என்று ஆகிவிடுமா? ஒவ்வொரு டின்னும் தனித்தனி ஆள். அவர் கையிலிருந்து பிடுங்கினேன். எல்லார் முன்னாலும்தான் பிடுங்கினேன்.

மாமா சாவியைத் திரும்ப உள்சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

நவம்பர் 30, ஞாயிறு

சுவாமியார் வர முடியாது. நாங்களே செபமாலை சொன்னோம். பிறகு ஆளுக்கு ஓர் அகப்பை கஞ்சி.

மழை விட்டிருந்தது. தண்ணீர்த் தாங்கி மேட்டில் ஏறினால் போனில் ஒரு கோடு வருகிறது என்றார்கள். பாப்பாவைக் கிழவி ரெங்கம்மாவிடம் கொடுத்துவிட்டு வழுக்கி வழுக்கி ஏறினேன். மிட்வைஃப் மிஸ் கிடைத்தார்.

"மீனு டின் ஊதியிருந்தா, ஓரத்துல துரு இருந்தா, திறக்கறப்ப சீறினா தொடவே வேணாம். நல்லாத் தெரிஞ்சாலும் அவ்ளோ பழசு வேணாம். வாசத்த நம்பாதீங்க, விஷம் மணக்காது. சீனி, உப்பு காஞ்சு இருந்தா பரவாயில்ல."

பால்மா என்று கேட்டேன்.

"அய்யோ, அஞ்சு மாசப் பிள்ளைக்கா? கொதிக்க வச்சாலும் வேணாம். வயித்தால போனா இப்ப எங்க தூக்கிட்டு ஓடுவீங்க? அங்க பால் குடுக்கிற தாய்மார் யாரும்..."

இல்லை என்றேன். இளம் பெண்கள் எல்லாம் கார்மென்ட்ஸிலும் வெளிநாட்டிலும். கோயிலில் இருப்பது கிழடுகளும் நடை பழகிய பிள்ளைகளும்தான். வேறு என்ன கொடுப்பது என்று கேட்பதற்குள் கோடு போய்விட்டது.

சீனி டின்னைத் திறந்தோம். கல்லாகியிருந்தது, கோடரிக் காம்பால் உடைத்தோம். ஆனால் சீனி சீனிதான். எல்லாருக்கும் இனிப்புத் தேத்தண்ணி. பருப்பு பூச்சி இல்லாமல் இருந்தது, ஆனால் எத்தனை விறகு எரித்தும் வேகவில்லை. பிஸ்கட்டில் சவர்க்கார வாடை. மாமா எங்கள் முன்னால் இரண்டு பிஸ்கட்டை மென்று விழுங்கினார். முகத்தைச் சுளிக்கவில்லை. பிடிவாதத்துக்கு ஒரு டின் இருந்தால் அது இவர்தான், எந்தத் துருவும் ஏறாது.

நிலுக்ஷியின் பேக்கட் இன்று இரவோடு முடிகிறது.

டிசம்பர் 1, திங்கள்

இதை எப்படி எழுதுவது.

காலையில் பாப்பாவுக்குக் கஞ்சித் தண்ணியை ஆற்றிக் கொடுத்தேன். துப்பியது. கரண்டியில் கொடுத்தேன், பஞ்சில் நனைத்துக் கொடுத்தேன். கொஞ்சம் போனது, திரும்பி வந்தது. மத்தியானம் அழுகைச் சத்தம் சின்னதாகிவிட்டது. பிள்ளைக்காம்பராவில் இத்தனை வருஷம் இருந்தவளுக்குத் தெரியும், கத்துகிற பிள்ளையைப் பற்றிப் பயமில்லை.

மாமா பால்மா டின்னோடு வந்தார். திறந்திருந்தார். சுடுதண்ணீரும் கையில்.

"குடு."

மஞ்சள் போய் மண் நிறமாகக் கட்டி தட்டியிருந்தது. பழைய எண்ணெய் வாடை. முடியாது என்றேன்.

"கொதிக்க வச்சுத் தர்றேன் புள்ள."

"மிஸ் வேணாம்னு சொல்லிட்டாங்க."

"மிஸ் பதுளையில இருக்கா! இந்தப் பிள்ள இங்க இருக்கு!" கத்தினார். கோயிலுக்குள் அவர் கத்தி யாரும் கேட்டதில்லை. "எம் பிள்ள இந்த எடத்துலதான் போச்சு. இதே எடத்துல. பாலு இல்லாம. ஒனக்குத் தெரியும்ல?"

தெரியும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தெரியும். யாகோப்புக்கு முன்னால் ஒரு பெண் பிள்ளை, அமலி. எண்பத்து மூன்றில் இங்கே ஒளிந்திருந்தபோது அத்தைக்குக் காய்ச்சல், பால் நின்றுவிட்டது. மூன்று மாசக் குழந்தை. அலுமாரியில் முதலில் வைத்தது பால்மாதான், மாமா தன் சம்பளத்தில் வாங்கி வைத்தது.

அவர் பாப்பாவை எடுக்கக் கை நீட்டினார். நான் டின்னைத் தட்டிவிட்டேன். பலிபீடத்துப் படியெல்லாம் மா. அவர் குனிந்து அதைக் கையால் கூட்டி அள்ளத் தொடங்கினார். ஐயோ, அந்த மனுசனை நான் என்ன செய்துட்டேன். ஆனா குடுத்திருக்க முடியுமா? குடுக்கக் கூடாதுல்ல?

அந்த நேரத்தில்தான் தோட்டத்தின் மேல் டிவிஷன் ஆட்கள் வந்தார்கள். அவர்கள் லயத்தில் வெடிப்பு விழுந்துவிட்டதாம், இனி அங்கே படுக்க முடியாது என்று மூட்டை முடிச்சோடு நடந்தே வந்திருந்தார்கள். சிவஞானம் அண்ணன் குடும்பம், அவர் மருமகள் சுபாஜினி, அவள் இடுப்பில் ஒரு வயசு மகன். அவர்கள் சைவம், சாதியும் வேறு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரலாமா என்று நின்றார்கள். ஸலீம் நானாதான் வாங்க வாங்க என்றார்.

சுபாஜினி என் மடியைப் பார்த்தாள். "ஏன் இப்பிடி மொனகுது?"

சொன்னேன்.

அவள் மகனை ஒரு பக்கம் மாற்றினாள், என்னைக் கேட்காமலே பாப்பாவை வாங்கினாள், சுவரோரம் திரும்பி உட்கார்ந்தாள். பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள், "அவங்க பாலா?" என்று. அவளுக்கும் கேட்டிருக்கும். முதலில் பாப்பாவுக்குப் பிடிக்கத் தெரியவில்லை. போத்தல் பழகிய வாய். அவள் விடவில்லை. விரலில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் தடவி, திரும்ப வைத்து, திரும்ப வைத்து... பிறகு அந்தச் சத்தம் கேட்டது. விழுங்குகிற சத்தம்.

"ஒம் பிள்ளைக்குப் பத்துமா?" என்று கேட்டேன்.

"அதுக்கென்னாக்கா, ரெண்டு இருக்குல்ல, ஆளுக்கொன்னு" என்றாள்.

சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். மாமா கை நிறைய மாவோடு படியில் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

டிசம்பர் 2, செவ்வாய்

பாப்பா இன்று நன்றாகக் கத்துகிறது. எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

டிசம்பர் 3, புதன்

மீன் டின்களையெல்லாம் கக்கூஸ் குழிக்குப் பக்கத்தில் ஆழமாகப் புதைத்தோம், நாய் கிளறாதபடி மேலே கல் வைத்து. இரண்டு டின் கையில் எடுக்கும்போதே சீறியது. மாமாவே மண்வெட்டி பிடித்தார். நான் தடுக்கவில்லை.

வேலை முடிந்து கை கழுவும்போது சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அன்னைக்கும் ஒருத்தி இருந்தா. ராசம்மான்னு. மேல் டிவிஷன்காரிதான். கைப்பிள்ளையோட ஓடி வந்து, அந்தா, அந்தத் தூண்கிட்டக் கெடந்தா. அமலி அழுறதக் கேட்டுட்டு எந்திரிச்சு வந்து கைய நீட்டினா. எங்கம்மா, 'அந்தச் சாதிப் பாலா எம் பேத்திக்கு'ன்னாங்க. அவ திரும்பிப் போயிட்டா."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"நான் ஒன்னும் சொல்லல."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் குழாயை மூடினேன்.

"பாலு இல்லாம சாகல புள்ள" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. பதினெட்டு வருஷமாக ஒவ்வொரு நத்தாருக்கும் இந்த வீட்டில் பால் இல்லாமல் செத்த பிள்ளைக்கு மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறேன். அத்தையும் அந்த மெழுகுதிரிக்கு முன்னால் அழுதே போய்ச் சேர்ந்தாள். அவளுக்குத் தெரியுமா? காய்ச்சலில் கிடந்தவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

டிசம்பர் 5, வெள்ளி

நிலுக்ஷி வந்துவிட்டாள். மண்சரிவுக்கு மேலாலேயே நடந்து, இடுப்பு வரை சேறோடு. தோள் பையில் பால்மா, அதைப் பிளாஸ்டிக்கில் ஏழு சுற்று சுற்றியிருந்தாள். பாப்பா அப்போது சுபாஜினியிடம் இருந்தது. நிலுக்ஷி பார்த்துக்கொண்டே நின்றாள், பிறகு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளில் சாய்ந்துகொண்டாள்.

டிசம்பர் 9, செவ்வாய்

எங்கள் லயம் தப்பிவிட்டது, வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். மேல் டிவிஷன்காரர்கள் மேலேயே பாடசாலைக் கட்டடத்தில், வீடு தருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். தருவார்கள், தருவார்கள். யாகோப்பு வந்திருக்கிறார். மாமா சொன்னதை அவரிடம் சொல்லவில்லை. அது அப்பா மகனுக்குச் சொல்ல வேண்டியது.

டிசம்பர் 14, ஞாயிறு

றோட்டு ஒரு பக்கம் திறந்து, இன்று லொறி வந்தது. அரிசி, பருப்பு, டின் மீன், பால்மா. பூசை முடிந்து சுவாமியார், "முன்ன மாதிரியே கொஞ்சம் அலுமாரியில வைப்போமா, சவரிமுத்து?" என்று மாமாவைக் கேட்டார். எல்லாரும் அவர் சாவியை எடுப்பார் என்றுதான் பார்த்தார்கள்.

"வேணாம் சாமி. இன்னைக்கே பங்கு போட்டுருங்க. மேல இருக்கிற சனத்துக்கு மொதல்ல" என்றார்.

மேலே கொண்டுபோகிற மூட்டையில் ஒன்றை அவரே தூக்கிக்கொண்டார். யாகோப்பு வாங்கப் போனார், கொடுக்கவில்லை. இந்த முழங்காலோடு அந்த ஏற்றம்! மத்தியானம் போன மனுசன் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வந்தார். நான் சோறு போட்டு மூடி வைத்திருந்தேன்.

"சாப்புட்டேன்" என்றார்.

"எங்க?"

"பாடசாலையில, சுபாஜினிகிட்ட. மொதல்ல தண்ணி குடுத்துச்சு. அப்பறம் சோறும் போட்டுச்சு."

பிறந்ததிலிருந்து இந்தத் தோட்டத்தில்தான் இருக்கிறார். மேல் டிவிஷனில் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. யாகோப்பு என்னைப் பார்த்தார். நான் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். காலையில் எனக்கு ஆகும்.